நிகழ்படத் தொகுப்பு மென்பொருள் மேம்படுத்தல்

நிகழ்படத் தொகுப்பு மென்பொருள் மேம்படுத்தல் என்பது, வீடியோ எடிட்டிங் எனப்படும் நிகழ்படத் தொகுப்புப் பணிக்குப் பயன்படும் மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறுவதைக் குறிக்கும். அவ்வாறு மாறிய பின், அம்மென்பொருள் தம் எதிர்பார்ப்பை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது எனப் பயனர் உணர்வதே பயனர் நிறைவு எனப்படுகிறது. புதிய வசதிகள் கூடுவதால் மட்டும் பயனர் நிறைவு கூடிவிடுவதில்லை. பழைய பணிக்கோப்புகள் திறக்கின்றனவா, கைபழகிய முறை தொடர்கிறதா, பிறருடன் கோப்புகளைப் பரிமாற இயல்கிறதா என்பவை அதனைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் வெளியான ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்னும் மென்பொருள் சந்தித்த எதிர்ப்பு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும்.

சொற்பொருள்

மென்பொருள் மாற்றங்களை இருவகையாகப் பிரிக்கலாம்.

1. இற்றைப்படுத்தல்: ஒரே பதிப்பிற்குள் பிழைகளை நீக்குவதும் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வதும் ஆகும். இது பெரும்பாலும் கட்டணமின்றிக் கிடைக்கும்.
2. மேம்படுத்தல்: ஒரு பதிப்பிலிருந்து அடுத்த முதன்மைப் பதிப்புக்கு மாறுவது ஆகும். இதில் இடைமுகம், கோப்பு வடிவம், தேவைப்படும் வன்பொருள் ஆகியவை மாறக்கூடும்.

பேச்சு வழக்கில் இவ்விரண்டும் "அப்டேட்" என்றே குறிக்கப்படுகின்றன. ஆயினும் முன்னதை நிறுவுவதில் உள்ள இடர் சிறியது. பின்னதில் உள்ள இடர் பெரியது.

பணிக்கோப்பும் படக்கோப்பும்

மேம்படுத்தலின் சிக்கலை விளங்கிக்கொள்ள, தொகுப்பு மென்பொருள் செயற்படும் விதத்தை அறிதல் வேண்டும். படக்கருவி பதிவு செய்த காட்சிகள் வன்தட்டில் படக்கோப்புகளாக இருக்கும். தொகுப்பவர் ஒரு காட்சியை வெட்டும்போது அப்படக்கோப்பு வெட்டப்படுவதில்லை. எந்தக் கோப்பில் எந்தச் சட்டகம் முதல் எந்தச் சட்டகம் வரை காட்டவேண்டும், அதன் மேல் எந்த எழுத்து வரவேண்டும், எந்த இடத்தில் இசை தாழவேண்டும் என்னும் கட்டளைகள் மட்டுமே தனியொரு கோப்பில் எழுதப்படுகின்றன. புராஜெக்ட் எனப்படும் அக்கோப்பே பணிக்கோப்பு ஆகும்.

எடுத்துக்காட்டாக, டி.வி. வடிவத்தில் பதிவான ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 13 கிகாபைட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனைத் தொகுத்த பணிக்கோப்போ பெரும்பாலும் சில மெகாபைட்டு அளவே இருக்கும். ஆனால் பல நாள் உழைப்பு முழுவதும் இச்சிறு கோப்பிலேயே உள்ளது. அதனை வாசிக்க வல்லது அதனை உருவாக்கிய மென்பொருள் மட்டுமே என்னும் நிலையில், மென்பொருள் போனால் காட்சிகள் இருக்கும், தொகுப்பு இராது. இதனால்தான் ஓவியரோ எழுத்தாளரோ தம் கருவியை மாற்றுவதைவிட, நிகழ்படத் தொகுப்பாளர் தம் கருவியை மாற்றுவது கடினமாகிறது.

வரலாற்றுச் சுருக்கம்

திரைப்படத் தொகுப்பு நெடுங்காலம் மூவியோலா, ஸ்டீன்பெக் ஆகிய இயந்திரங்களில் படச்சுருளை வெட்டி ஒட்டியே நடைபெற்றது. 1989-இல் ஏவிட் நிறுவனம் மெக்கின்டோசு கணினியில் இயங்கும் தொகுப்பு அமைப்பை வெளியிட்டது. தமிழ்த் திரையுலகம் இதனை விரைவில் ஏற்றுக்கொண்டது. 1994-இல் வெளியான மகாநதி, ஏவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியத் திரைப்படம் எனக் குறிப்பிடப்படுகிறது.

1991-இல் அடோபி நிறுவனம் பிரீமியர் என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதன் தொடக்கப் பதிப்புகளை உருவாக்கிய இராண்டி உபிலோஸ், பின்னர் மேக்ரோமீடியா நிறுவனத்தில் வேறொரு தொகுப்பு மென்பொருளை உருவாக்கினார். அதனை 1998-இல் ஆப்பிள் நிறுவனம் வாங்கி, 1999-இல் ஃபைனல் கட் புரோ என்னும் பெயரில் வெளியிட்டது. விலை குறைவாக இருந்தமையால் சிறு கூடங்களிலும் திரைப்படத் துறையிலும் அது பரவியது. வால்டர் மர்ச் 2003-இல் வெளியான கோல்டு மவுண்டன் திரைப்படத்தை அதிலேயே தொகுத்தார்.

பயனர் நிறைவை அளவிடல்

பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் 9241-11 என்னும் சீர்தரம், பயன்படுதன்மையை மூன்று கூறுகளாகப் பிரிக்கிறது. அவை பயன்விளைவு, செயற்றிறன், நிறைவு என்பனவாகும். ஒரு மென்பொருள் பணியைச் சரியாகவும் விரைவாகவும் முடித்தாலும், பயனர் மனநிறைவு அடையாதிருக்கக்கூடும் என்பதை இப்பகுப்பு காட்டுகிறது.

நிறைவை எண்ணால் அளவிடப் பயன்படும் எளிய கருவிகளுள் ஒன்று, 1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய பயன்படுதன்மை அளவுகோல் ஆகும். இதில் 10 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பயனர் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். ஒற்றை எண் கூற்றுகளின் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்கப்படும். இரட்டை எண் கூற்றுகளின் மதிப்பெண் 5-இலிருந்து கழிக்கப்படும். கிடைக்கும் பத்து எண்களின் கூட்டுத்தொகையை 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரையிலான மதிப்பு கிட்டும். பொதுவாக 68 என்பது சராசரி மதிப்பாகக் கொள்ளப்படுகிறது.

மேம்படுத்தலின்போது நிறைவு ஏன் குறைகிறது என்பதை விளக்க மூன்று கோட்பாடுகள் உதவுகின்றன.

1. எதிர்பார்ப்பு உறுதிப்பாட்டுக் கோட்பாடு: ரிச்சர்டு ஆலிவர் 1980-இல் விளக்கிய இதன்படி, நிறைவு என்பது பொருளின் தரத்தை மட்டும் சார்ந்ததன்று, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சார்ந்தது.
2. கானோ மாதிரி: 1984-இல் சப்பானியப் பேராசிரியர் நொரியாக்கி கானோ முன்வைத்தது. சில பண்புகள் இருந்தால் எவரும் பாராட்டார். இல்லாவிடில் அனைவரும் சினப்பர். பழைய கோப்பு திறப்பது இத்தகைய அடிப்படைப் பண்பாகும்.
3. இழப்பு வெறுப்பு: கானமன், துவெர்சுகி ஆகியோர் 1979-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து. ஒன்றைப் பெறுவதால் வரும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு இழப்பதால் வரும் வருத்தம் மிகுதியாக உறைக்கும்.

இம்மூன்றையும் இணைத்து நோக்கினால், பத்துப் புதிய வசதிகளைச் சேர்த்து, பழகிய வசதிகளுள் ஒன்றை நீக்கும் மேம்படுத்தல் ஏன் வெறுக்கப்படுகிறது என்பது விளங்கும்.

ஃபைனல் கட் புரோ எக்ஸ்

2009-இல் வெளியான ஃபைனல் கட் புரோ 7, 32-பிட் மென்பொருள் ஆகும். எனவே கணினியில் கூடுதல் நினைவகம் இருந்தும் அதனை முழுமையாகப் பயன்படுத்த இயலவில்லை. இக்குறையை நீக்க ஆப்பிள் நிறுவனம் அதனை மேம்படுத்தாமல், முற்றிலும் புதிதாக எழுதியது. 64-பிட் மென்பொருளான ஃபைனல் கட் புரோ எக்ஸ் 2011 சூன் 21 அன்று 299.99 அமெரிக்க டாலர் விலையில் வெளியானது. முந்தைய பதிப்பு அடங்கிய தொகுப்பின் விலை 999 டாலராக இருந்தது. புதிய மென்பொருள் விரைவாக இயங்கியது; பின்னணியிலேயே படத்தைக் கணித்து முடித்தது; ஒரு துண்டை நகர்த்தினால் பிற துண்டுகள் தாமே விலகி இடம் தரும் "காந்தக் காலக்கோடு" அதில் இருந்தது.

ஆயினும் தொழில்முறைத் தொகுப்பாளர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதற்கான காரணங்கள் பின்வருவன.

1. ஃபைனல் கட் புரோ 7-இல் உருவாக்கிய பணிக்கோப்புகளைத் திறக்க இயலவில்லை.
2. பல படக்கருவிகளின் காட்சிகளை ஒருங்கே வைத்துத் தொகுக்கும் வசதி இல்லை.
3. எக்ஸ்எம்எல், ஓஎம்எஃப், இடிஎல் ஆகிய பரிமாற்றக் கோப்புகளை உருவாக்கும் வசதி இல்லை.
4. நாடாவில் பதிவு செய்து வழங்குவதற்கான வசதி மிகக் குறைவாக இருந்தது.
5. பழைய பதிப்பின் விற்பனை உடனடியாக நிறுத்தப்பட்டது.

இவற்றுள் மூன்றாவது குறை திரைப்படத் துறையினர்க்குப் பெருந்தடையாயிற்று. ஒரு திரைப்படத்தின் காட்சிகள் ஓரிடத்தில் தொகுக்கப்படும். ஒலிக்கலவை வேறொரு கூடத்திலும், நிறச்சீராக்கம் பிறிதொரு கூடத்திலும் நடைபெறும். தொகுப்பாளரின் முடிவுகளை அக்கூடங்களுக்குக் கொண்டு செல்வன இப்பரிமாற்றக் கோப்புகளே. அவை இல்லாவிடில் தொகுப்பு முடிந்த படம் அந்த ஒரு கணினியிலேயே நின்றுவிடும்.

ஆப்பிள் நிறுவனம் சிலர்க்குப் பணத்தைத் திருப்பியளித்தது. 2011 செப்டம்பரில் எக்ஸ்எம்எல் வசதியும், 2012 சனவரியில் பல படக்கருவித் தொகுப்பு வசதியும் இற்றைப்படுத்தல் வழியே சேர்க்கப்பட்டன. பழைய பணிக்கோப்புகளை மாற்றித்தரும் செயலியை 2012-இல் வேறொரு நிறுவனம் வெளியிட்டது. இதற்கிடையில் அடோபி, ஏவிட் நிறுவனங்கள் ஃபைனல் கட் பயனர்க்குத் தள்ளுபடி வழங்கித் தம் மென்பொருள்களுக்கு ஈர்த்தன. பின்னாளில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் நிலைபெற்றது. 2011-இல் வாங்கியோர் பத்தாண்டுகளுக்கு மேலாகப் புதிய பதிப்புகளைக் கூடுதல் கட்டணமின்றிப் பெற்றனர். ஆயினும் முதற்பதிப்பின்போது விலகிச் சென்றோர் பலர் திரும்பவில்லை.

பழகிய கருவியின் பற்று எத்தகையது என்பதற்கு மற்றொரு செய்தியும் உண்டு. 2019-இல் வெளியாகி, 2020-இல் சிறந்த படத்திற்கான ஆசுக்கார் விருது பெற்ற பாரசைட் என்னும் கொரியத் திரைப்படம், பத்தாண்டு பழைய ஃபைனல் கட் புரோ 7-இலேயே தொகுக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு இயங்குதளம் முதல் அப்பதிப்பு இயங்குவதில்லை. எனவே அதனைப் பயன்படுத்த விரும்புவோர் பழைய கணினியையும் பழைய இயங்குதளத்தையும் மாற்றாமல் காத்தல் வேண்டும்.

பிற எடுத்துக்காட்டுகள்

ஐமூவி: 2007-இல் வெளியான ஐமூவி 08 பதிப்பும் உபிலோசின் முயற்சியால் புதிதாக எழுதப்பட்டதே. வழக்கமான காலக்கோடு நீக்கப்பட்டதால் பயனர் குறைகூறினர். ஆப்பிள் நிறுவனம் அதனை வாங்கியோர்க்கு முந்தைய பதிப்பையும் கட்டணமின்றி வழங்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஃபைனல் கட் பயனர்க்கு அத்தகைய வழி காட்டப்படவில்லை.

விண்டோசு மூவி மேக்கர்: 2000-ஆம் ஆண்டில் விண்டோசு மீ இயங்குதளத்துடன் வந்தது. பள்ளி, கல்லூரி மாணவர் பலர் தொகுப்புக் கலையைக் கற்றது இதில்தான். 2009-இல் புதிதாக எழுதப்பட்ட பதிப்பில் காலக்கோடு நீக்கப்பட்டது. 2017 சனவரி 10 அன்று இம்மென்பொருள் அடங்கிய தொகுப்பின் வழங்கல் நிறுத்தப்பட்டது.

அடோபி பிரீமியர் புரோ: 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், 2012-இல் வெளியான சிஎஸ்6 பதிப்பே ஒருமுறை விலைகொடுத்து வாங்கக்கூடிய இறுதிப் பதிப்பு என அறிவித்துச் சந்தா முறைக்கு மாறியது. இதனை எதிர்த்த விண்ணப்பத்தில் பல்லாயிரக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். சந்தா நின்றால் தம் பணிக்கோப்புகளைத் தாமே திறக்க இயலாது என்பது அவர்களின் முதன்மைக் கவலையாக இருந்தது. மேலும், 2018-இல் வந்த இற்றைப்படுத்தல் ஒன்றில் பழைய குவிக்டைம் வடிவங்கள் சிலவற்றின் ஆதரவு நீக்கப்பட்டது. அவ்வடிவங்களில் சேமித்த படக்கோப்புகள் அதன்பின் திறக்கவில்லை.

கேடென்லைவ்: இது 2002-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் ஆகும். 2019 ஏப்பிரலில் வெளியான 19.04 பதிப்பில் அதன் உட்பகுதியின் பெரும்பகுதி மாற்றியெழுதப்பட்டது. 2020 ஆகத்து மாதப் பதிப்பில், பதின்மப் புள்ளிக்குச் சில நாடுகளில் காற்புள்ளி இடும் வழக்கத்தால் நேர்ந்த பிழைகளைத் திருத்தப் பணிக்கோப்பு வடிவம் மாற்றப்பட்டது. இதனால் புதிய பதிப்பின் கோப்புகளைப் பழைய பதிப்பில் திறக்க இயலாமற்போனது. எனினும் கட்டற்ற மென்பொருளாதலால் பழைய பதிப்புகளையும் எவரும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். பணிக்கோப்பு எக்ஸ்எம்எல் உரை வடிவில் இருப்பதால் அதனை வாசிக்கும் நிரலையும் எழுதலாம்.

சிற்றூர்க் கூடங்களில் மேம்படுத்தல்

தமிழ்நாட்டில் நிகழ்படத் தொகுப்பு மென்பொருளின் பயனர்கள் திரைப்படத் துறையில் மட்டும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில், கரூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த குஜிலியம்பாறை போன்ற ஊர்களிலும் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றை நிகழ்படமாக எடுத்துத் தரும் தொழில் உள்ளது. தொகுப்புப் பணியை இத்தொழிலில் "மிக்சிங்" என்றும் வழங்குவர்.

சப்பானின் கனோபஸ் நிறுவனம் உருவாக்கி, பின்னர் கிராஸ் வேலி நிறுவனத்தின் உடைமையான எடியஸ் என்னும் மென்பொருள் இந்தியாவின் திருமணப் பதிவுத் தொழிலில் பரவலாகப் பயன்படுகிறது. பல வடிவக் காட்சிகளை ஒரே காலக்கோட்டில் வைத்து, ரெண்டரிங் எனப்படும் கணிப்புக்குக் காத்திராமல் உடனே ஓட்டிப்பார்க்க இயல்வது இதன் சிறப்பு. 2008 முதல் 2013 வரையிலான காலத்தில் தமிழ்நாட்டில் கடும் மின்வெட்டு நிலவியது. பல மணி நேரக் கணிப்பு இடையில் அறுந்தால் மீண்டும் தொடங்க வேண்டியிருந்த அந்நாள்களில், இச்சிறப்பு பெரிதும் மதிக்கத்தக்கதாக இருந்தது.

இத்தகைய கூடங்களில் மேம்படுத்தல் பெரும்பாலும் விருப்பத்தால் நிகழ்வதில்லை, படக்கருவியால் நிகழ்கிறது. நாடாவில் பதியும் கருவிக்கு மாற்றாக, அட்டையில் பதியும் கருவி வந்தால், அது உருவாக்கும் செறிவு மிகுந்த கோப்புகளைப் பழைய மென்பொருள் திறப்பதில்லை. புதிய மென்பொருளுக்குப் புதிய இயங்குதளம் தேவைப்படும். இயங்குதளத்திற்குப் புதிய கணினி தேவைப்படும். 2013-இல் வெளியான எடியஸ் 7, 64-பிட் விண்டோசில் மட்டுமே இயங்கியது. எனவே மேம்படுத்தலின் உண்மையான செலவு மென்பொருளின் விலையன்று. இச்சங்கிலி முழுவதன் விலையாகும்.

பழைய பணிக்கோப்புகளின் தேவையும் இங்கு வேறு வகையில் எழுகிறது. திருமண நிகழ்படத்தில் மட்டுமே முகமும் குரலும் பதிவாகியுள்ள ஒரு பெரியவர் இறந்த பின், குடும்பத்தார் அப்பகுதியைத் தனியே பிரித்துத் தருமாறு கேட்டு வருவதுண்டு. வீட்டிலிருந்த குறுவட்டு தேய்ந்திருக்கும். கூடத்தில் படக்கோப்பும், அதனைத் திறக்கும் மென்பொருளும் இருந்தால் அவர்கள் அதனைப் பெறுவர். இல்லாவிடில் வெறுங்கையுடன் திரும்புவர்.

தமிழ் எழுத்துகள்

தமிழ்ப் பயனர்க்கு மட்டும் உரிய நிறைவுக் கூறு ஒன்று உண்டு. அது மணமக்கள் பெயர் திரையில் சரியாகத் தோன்றுவது. ஒருங்குறியில் "கெ" என்னும் எழுத்து, முதலில் ககரமும் பின்னர் எகரக் கொம்புமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்புறம் நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பழைய தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றின் எழுத்துக் கருவி இதனைச் செய்யவில்லை. கொம்பு எழுத்துக்கு வலப்புறம் சென்று நின்றது. "கொ" போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தத்தம் இடம் மாறின.

ஆகவே பலரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்தினர். தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைச் சீர்தரமாக அறிவித்த பின்னரும் இத்துறையில் அவை நீடித்தன. பிற்காலப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான ஆதரவு சேர்க்கப்பட்டது தமிழ்ப் பயனர்க்கு உண்மையான மேம்பாடு ஆகும். ஆயின் பழைய எழுத்துருவில் அமைத்த பணிக்கோப்பை, அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் திறந்தால், மணமக்கள் பெயருக்கு மாற்றாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். எழுத்துருக் கோப்பையும் பணிக்கோப்புடன் சேமித்தல் இதற்குத் தீர்வாகும்.

மேம்படுத்துமுன் செய்யத்தக்கவை

1. நடப்பிலுள்ள பணியைப் பழைய பதிப்பிலேயே முடித்தல் வேண்டும். திருமணங்கள் நடைபெறாத ஆடி, மார்கழி மாதங்கள் மேம்படுத்தலுக்கு ஏற்றவை.
2. முடிந்த ஒவ்வொரு பணியையும் உயர்தர நிகழ்படக் கோப்பாக வெளியிட்டுச் சேமித்தல் வேண்டும். பணிக்கோப்பு திறக்காவிடினும் இது எஞ்சும்.
3. பணிக்கோப்பை எக்ஸ்எம்எல் அல்லது இடிஎல் வடிவத்திலும் வெளியிடுதல் நன்று. இடிஎல் வெறும் உரைக்கோப்பு ஆதலால், வெட்டுகளின் நேரக்குறிப்புகளைக் கண்ணாலேயே வாசிக்கலாம்.
4. பணிக்கோப்பின் படியையே புதிய பதிப்பில் திறத்தல் வேண்டும். மூலக்கோப்பைத் திறத்தல் கூடாது. டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்களில் தரவுத்தளம் ஒருமுறை மேம்படுத்தப்பட்டால் பழைய பதிப்பில் திறவாது.
5. இயலுமாயின் இரு பதிப்புகளையும் ஒரே கணினியில் சிலகாலம் வைத்திருத்தல் வேண்டும்.
6. செருகுநிரல்கள், எழுத்துருக்கள் ஆகியன புதிய பதிப்பில் இயங்குகின்றனவா எனச் சிறு பணியொன்றால் சோதித்தல் வேண்டும்.
7. பழைய மென்பொருளின் நிறுவற்கோப்பையும் உரிமக் குறியீட்டையும் பணிக்கோப்புகளுடன் ஒரே இடத்தில் பாதுகாத்தல் வேண்டும்.